ஒரு வாழ்க்கை, பல சாட்சிகள்: தமிழில் தன்வரலாறும் கடிதத் தொகுப்பும் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இதுவரை கதை, நாவல்தான் படித்திருக்கிறேன். தன்வரலாறு படிக்க வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதற்கு நான் இரண்டாவது யோசனை வைத்துக்கொள்வதில்லை. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது ஐயருக்கு 85 வயது நிரம்பும் தறுவாய். 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமானார். 122 அத்தியாயங்களோடு கதை அப்படியே நின்றுவிட்டது. 1950இல்தான் புத்தகமாக வந்தது.

பருமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாரப் பத்திரிகைக்கு எழுதியது என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றிலும் ஒரு ஆளோ ஒரு சம்பவமோ நிச்சயம் உண்டு. உத்தமதானபுரம் என்ற தம் ஊரின் கதையோடு தொடங்குகிறார். தஞ்சாவூர் ராஜா ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக அக்கிரகாரம் கட்டித் தானம் கொடுத்தாராம். ஊர் இப்படித்தான் பிறந்தது. ஒரு வெற்றிலைச் சுருளில் தொடங்கும் தன்வரலாறு வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

பழைய ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சிட்ட கதைதானே அது? தமிழ் இலக்கியம் படிக்காதவருக்குச் சலிக்காதா?

ஏடு தேடும் படலம் பாதிக்கு மேல்தான் வருகிறது. அதுவரை அது ஒரு பையன் வாத்தியார் தேடும் கதை. தகப்பனாருக்குச் சங்கீதமும் கதாகாலட்சேபமும்தான் ஜீவனம். மகனுக்கோ தமிழ்ப் பைத்தியம். சொல்லிக்கொடுக்கத் தகுதியான ஆள் எந்த ஊரில் இருந்தாலும் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போகிறது. கடைசியில் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். விட்டதை எழுதும்போது புகாரும் இல்லை, பெருமையும் இல்லை; ஆனாலும் ஏதோ ஒன்று வாசிப்பவருக்குத் தைக்கிறது.

திருப்பம் 1880 அக்டோபர் 21 அன்று வருகிறது. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. அவற்றுக்கும் முந்திய பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்கிறார். சீவக சிந்தாமணி என்ற பேச்சு அங்கேதான் எழுகிறது. ஏழு ஆண்டு கழித்து, 1887இல், அது அச்சில் வந்தது. கற்றதெல்லாம் போதாது என்று ஒரு நீதித்துறை அதிகாரி சொல்ல, அதை ஒரு புலவர் மனத்தில் வாங்கிக்கொண்டு வாழ்க்கையையே திருப்பிக்கொண்ட இடம் இது. சலிப்பதற்கு இடமில்லை.

அதில் விட்டுப்போனவை என்னென்ன?

நிறைய. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவோடு நின்றுவிடுகிறது. பதிற்றுப்பத்து 1904இலும், பரிபாடல் 1918இலும், குறுந்தொகை 1937இலும் அவர் கையால் வந்தன. அவற்றின் கதை இதில் கிடையாது. அவரிடம் மாணவராக இருந்த கி.வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரா’னைக் கூடவே வைத்துக்கொண்டால் பிற்கால ஐயர் கொஞ்சம் புலப்படுவார்.

விட்டுப்போனவை வேறு, பேசாமல் விட்டவை வேறு. வீட்டுப் பெண்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார். பிணக்குகளை மென்மையாக்கிவிடுகிறார். சிந்தாமணிப் பதிப்பு நடந்துகொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழகத்தில் பெரும்பணி செய்த சி.வை. தாமோதரம் பிள்ளை அதன் பிரதியைக் கேட்டார். ஐயர் கொடுக்கவில்லை. சங்கடமான அந்தச் சம்பவம் நூலில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அரை நூற்றாண்டு கழித்து ஒரு தரப்பு நினைவுகூர்ந்த வடிவில்.

இந்த இடத்தில் கடிதம் உதவிக்கு வருகிறது. ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாகக் கட்டி வைத்தவர். அவற்றில் 1877 முதல் 1900 வரையிலானவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘கடிதக் கருவூலம்’ முதல் தொகுதியாக 2018இல் வெளிவந்தன. எழுதியவர்கள் பின்னால் என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதிய கடிதங்கள் அவை. ‘என் சரித்திர’த்தை மேசையின் ஒரு பக்கமும் இதை மறு பக்கமும் வைத்துக்கொண்டு அதே ஆண்டுகளைப் படித்துப் பாருங்கள். நான் முதலில் படித்தபோது ஐயர்மேல் மதிப்புக் குறையவில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருந்தது என்பது உறைத்தது.

அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளும் உண்டல்லவா?

உண்டு. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி 1933, 1934இல் இரண்டு பாகங்களாக எழுதினார். என் கணிப்பில் அதுதான் அவருடைய உரைநடையின் உச்சி. தம்மைப் பற்றி எழுதும்போது வரும் கூச்சம் அதில் இல்லை. அத்தனை பெரிய புலவர் கடனிலும் பற்றாக்குறையிலும் நாள் கடத்தியதை மறைக்கவில்லை. 1876இல் பிள்ளையின் கடைசி இரவில் ஐயர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசிக்கும் பக்கங்களை அவசரமாகப் படிக்காதீர்கள்.

நாட்குறிப்பையும் தன்வரலாற்றோடு சேர்க்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் தமிழில் இதற்கெல்லாம் மூத்தது ஒரு நாட்குறிப்புதான். புதுச்சேரியில் கவர்னர் தூப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, ஏறக்குறைய சாகும்வரை எழுதினார். 1846இல்தான் அது கண்டெடுக்கப்பட்டது. 1904இலிருந்து 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் வந்து முடிந்தன. தமிழில் எழுதிய மூலம் 1948இலிருந்துதான் அச்சேறத் தொடங்கியது. தமிழன் எழுதியதைத் தமிழர்கள் கடைசியாகப் படித்த கதை.

கப்பல் வந்த நாள், சரக்கு விலை, யார் யாருக்கு எத்தனை குண்டு முழங்கி மரியாதை, யார் லஞ்சம் கேட்டார், ஜாதகம் என்ன சொல்கிறது என்று எல்லாம் கலந்து கிடக்கும். கவர்னரின் மனைவி மதாம் தூப்ளெக்ஸ்மேல் இருந்த வெறுப்பைப் பிள்ளை கொஞ்சமும் மறைப்பதில்லை. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாளின் குறிப்பு அதில் இருக்கிறது. நகரத்தின் பெரிய மனிதராக இருந்தும் தடுக்க முடியாமல் நின்ற ஒருவரின் கைக்கணக்கு அது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுவதுதான் நாட்குறிப்பின் பலம். அவர் இறந்தது 1761 ஜனவரி 12; நாலே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கடைசி ஆண்டுகளின் பக்கங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாடே ஒருவிதப் பதைப்பைத் தரும்.

மொழி பழையது, பேச்சுநடை, பிரெஞ்சுச் சொல்லும் உருதுச் சொல்லும் நிறைய. முழுதும் படிக்க உட்காராதீர்கள். ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு அந்த மாதத்தை மட்டும் படியுங்கள்.

பாரதியார் பற்றி எந்தப் புத்தகம் சரியானது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்களே!

ஒவ்வொரு மாதிரி இருப்பதுதான் நம் பாக்கியம். வ.ரா. 1944இல் புத்தகமாகக் கொண்டுவந்த ‘மகாகவி பாரதியார்’ ஒரு சீடனின் பரவசம். தேதிக்கு அதை நம்ப வேண்டாம். பாரதி அறைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்புங்கள். மனைவி செல்லம்மாள் சொன்ன வரலாற்றில் அடுப்பும் அரிசியும் உண்டு. புதுச்சேரியில் பாரதியின் பெண்களோடு விளையாடி வளர்ந்த யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954இல் வந்தது. மூன்றில் எனக்கு அதுவே பிடித்தது. குழந்தைக்குப் பெரியவர்களின் புகழ் தெரியாது, எனவே சின்ன விஷயங்களை விடாமல் பார்த்திருக்கிறாள். ஆவணமும் படமும் வேண்டுமென்றால் ரா.அ. பத்மநாபனின் ‘சித்திர பாரதி’.

யானை மிதித்துத்தானே பாரதி இறந்தார்?

இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியதும், குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கியதும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடமாடினார், வேலைக்குப் போனார், எழுதினார். 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் கட்டுரையும் எழுதினார். உயிரைப் பறித்தது செப்டம்பரில் வந்த வயிற்றுக்கடுப்பு. யானைக்கதை பரவியதற்குக் காரணம் எளிது: கவிஞன் வயிற்றுக்கடுப்பில் சாவதை நம் மனம் ஏற்பதில்லை.

நினைவு நாள் 11ஆ 12ஆ என்ற சண்டையும் இதே ரகம். உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, 12 பிறந்த பிறகு. சூரிய உதயத்திலிருந்து நாளைக் கணக்கிடும் வீட்டாருக்கு அது 11. கடிகாரம் பார்த்தவருக்கு 12.

கடிதத் தொகுப்பு எதற்கு? பாதி நலம் விசாரிப்பு, பாதி பணக்கணக்கு.

பணக்கணக்கைத் தள்ளாதீர்கள். ஒரு கணக்கைப் பற்றியே சொல்கிறேன்.

வ.உ.சிதம்பரம் பிள்ளைக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தைக் காந்தி கொடுக்காமல் விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு வெகுகாலமாக உலவுகிறது. தொகை ஆளுக்கு ஆள் ஏறும். இதைத் தீர்த்தவை 1915, 1916இல் இருவருக்கும் இடையே நடந்த கடிதங்கள். வேங்கடாசலபதி அவற்றைக் கொண்டு எழுதிய ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ என்ற நூலின் தலைப்பிலேயே விடை இருக்கிறது. பணம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

விடையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வழி. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதர், 1912 கடைசியில் சிறையிலிருந்து வந்து, வக்கீல் தொழிலும் பறிபோய், சென்னையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வந்த காந்தி விடியற்காலையில் சந்திக்கக் கூப்பிடுகிறார். வ.உ.சி.யின் கவலை, அந்த நேரத்துக்குள் டிராம் ஏறி வந்துசேர முடியுமா என்பது. பணம் பற்றிக் காந்தி கேட்கிறார். வரவில்லை என்கிறார் வ.உ.சி. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதையும் கௌரவம் குறையாமல் தெரிவிக்கிறார். பிறகு ஞாபகப்படுத்துகிறார். மறுபடியும் ஞாபகப்படுத்துகிறார். எந்தத் தன்வரலாற்றிலும் இந்த ஞாபகப்படுத்தல்கள் இடம்பெறா. வ.உ.சி. தம் வரலாற்றை அகவற்பாவில் எழுதியவர். அந்த மிடுக்கான நடையில் டிராம் ஏறும் கவலைக்கு இடமில்லை.

மனைவிக்கு எழுதிய கடிதத்தை எல்லாம் அச்சிடலாமா? படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

‘கண்மணி கமலாவுக்கு’ படித்துவிட்டுத்தான் இதைக் கேட்பார்கள். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை, இளையபாரதி தொகுத்தது. சென்னையில் இவர், திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் மனைவி. பத்திரிகைச் சம்பளத்தில் பணம் அனுப்ப முடியாத தவிப்பு, சாக்கு, கொஞ்சல், கோபம். கதைகளில் யாரையும் விடாமல் எள்ளிய மனிதர் இங்கே எள்ளவில்லை.

கூச்சம் நியாயமானது. இது உலகத்துக்கு எழுதியதல்ல. ஆனாலும் அச்சிட்டது சரி என்பேன். தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’ நல்ல நூல். அதில் நண்பர் கண்ட எழுத்தாளர் இருக்கிறார். வீட்டுக்காரர் கடிதத்தில்தான் இருக்கிறார். 1948இல் 42 வயதில் காசநோயில் அவர் போனதை ஒரு சோக இலக்கியச் செய்தியாக மட்டும் சொல்லிப் பழகியிருந்தோம். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை இந்தக் கடிதங்கள் சொல்கின்றன. கமலாவின் பதில்கள் இதில் இல்லை என்பதையும் மறக்காமல் படியுங்கள்.

இதற்கு நேர் எதிரான மகிழ்ச்சி வேண்டுமென்றால் கு. அழகிரிசாமி தன் இடைசெவல் தோழர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள். இசையும் இலக்கியமும் வம்பும்.

‘தம்பிக்கு’ கடிதங்கள் இந்த வகையில் சேருமா?

எந்தத் ‘தம்பிக்கு’? மு.வ.வினுடையது கடித வடிவில் எழுதிய கற்பனை நூல். அண்ணாவினுடையது பத்திரிகையில் கட்சித் தொண்டருக்கு எழுதிய கட்டுரை. இரண்டும் படிக்கத் தக்கவை, இரண்டுமே உறையில் போட்டு ஒட்டியவை அல்ல.

அரசியல்வாதிகளும் கலைஞர்களும் தங்களைப் பற்றி எழுதுவதை எவ்வளவு நம்பலாம்?

தங்களைப் பற்றிச் சொல்வதில் பாதி. மற்றவர்களைப் பற்றிச் சொல்வதில் கால்வாசி. சுற்றுப்புறத்தைப் பற்றிச் சொல்வதில் முக்கால்வாசிக்கு மேல். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ அவருடைய பெருமைக்காகப் படிக்க வேண்டியதல்ல; ஒத்திகை எப்படி நடந்தது, திரை எப்படி எழுந்தது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஏன் வேஷம் கட்டினார்கள் என்பதற்காகப் படிக்க வேண்டியது. அவ்வை டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யும் அப்படித்தான், சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி என்னும் உலகமே அதில் இருக்கிறது.

கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தன்னை ‘அவன்’ என்றே குறிப்பிடுவார். அந்தத் தூரம் அவருக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்தது, ஒரு தப்பிக்கும் வழியையும் கொடுத்தது. அதே கட்சி, அதே ஆண்டுகள் கலைஞரின் ‘நெஞ்சுக்கு நீதி’யிலும் வருகின்றன. இரண்டையும் ஒரே மாதத்தில் படியுங்கள். யார் சொல்வது மெய் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

புகழ்பெற்றவர்களின் வாழ்க்கை மட்டும்தான் படிக்கத் தக்கதா?

அப்படித்தான் வெகுகாலம் நினைத்தோம். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தை வெளியிட்டார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவரின் வாழ்க்கை, சிறு பிரசுர அளவில் அடங்கிவிட்டது. ஐயரின் நூலின் பருமனோடு அதை ஒப்பிட்டால், யாருக்குப் பத்திரிகை வாராவாரம் பக்கம் ஒதுக்கியது, யாருக்கு ஒதுக்கவில்லை என்ற கேள்வி தானே வரும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது எழுதியவரை யாருக்கும் தெரியாது. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007. இவர்கள் பெரிய மனிதர்களாக இருந்ததால் எழுதியவர்கள் அல்லர். எழுதிய பிறகே பெயர் வந்தது. ‘கருக்’கின் மொழியை இலக்கணப் பிழை என்று தள்ளியவர்களும் உண்டு. அந்தப் பேச்சுமொழியை எடுத்துவிட்டால் புத்தகமே இல்லை.

பழைய கடிதங்களில் ‘ஆனந்த வருஷம் மாசி’ என்று போட்டிருக்கிறதே, எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுபது ஆண்டுச் சுற்று. ஆனந்த என்றால் 1854, 1914, 1974 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஐயர் பிறந்த ஆனந்த வருஷம் மாசி 1855 பிப்ரவரி ஆவது இதனால்தான். எந்தச் சுற்று என்பதை அஞ்சல் முத்திரை, தலையில் இருக்கும் ராஜா அல்லது ராணி, கடிதத்தில் வரும் சாவு, கல்யாணம் இவற்றைக் கொண்டு முடிவுசெய்யலாம்.

இந்த நூல்கள் இலவசமாகக் கிடைக்குமா?

‘என் சரித்திரம்’ மதுரைத் திட்டம் என்னும் இணையத் தொகுப்பில் இருக்கிறது. பழைய பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படமாகக் கிடைக்கின்றன. அச்சில் இல்லாதவற்றுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சுவடிகளுக்கும் ஐயர் தொடர்பானவற்றுக்கும் பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே உள்ள நூலகம்.

எங்கள் தாத்தாவுக்கு ஓர் எழுத்தாளர் எழுதிய கடிதக் கட்டு வீட்டில் இருக்கிறது. நாங்களே வெளியிடலாமா?

காகிதம் உங்களுடையது, எழுத்து எழுதியவருடையது. கடிதத்தின் பதிப்புரிமை பெற்றவருக்குப் போவதில்லை. இந்தியச் சட்டப்படி பொதுவாக ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அவர் இறந்த பிறகே முதன்முதலில் அச்சாகும் எழுத்துக்கு, அது அச்சான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே முதலில் எழுத்தாளரின் வாரிசுகளிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை: உறையைத் தூக்கி எறியாதீர்கள், தேதி இல்லாத கடிதத்துக்கு முத்திரைதான் தேதி. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இன்லேண்டு லெட்டரின் மடிப்பு ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பதையும் சேர்த்து இரண்டு பக்கமும் படமெடுங்கள். பிழையைத் திருத்தாமல் படியெடுங்கள். கடிதத்தில் வரும் ‘சின்னவன்’, ‘மேலவீட்டுக்காரர்’ எல்லாம் யார் என்று வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.